மெழுகுப் பிள்ளையாரும் கொழுக்கட்டை அச்சும்

எந்தக் காரியத்தையும் பிள்ளையாரில்தான் தொடங்க வேண்டும் என்கிற ஊரில் பிறந்தவள் நான். அதனால் மெழுகுவர்த்தித் தொழில் தொடங்கியபோது முதலில் வாங்கிய அச்சும் பிள்ளையார்தான். உள்ளங்கை உயரத்துக்கு ஒரு சிலிக்கான் அச்சு. தும்பிக்கை, தொந்தி, கையில் வைத்திருக்கும் மோதகம் வரைக்கும் உள்ளே தெளிவாக இருக்கும். உருக்கிய மெழுகை ஊற்றி, ஆறவிட்டு, தலையணை உறையைக் கழற்றுவது போல உரித்தால் பிள்ளையார் முழுசாக வெளியே வருவார். அச்சைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றலாம். எத்தனை தடவை ஊற்றினாலும் முகம் மாறாது. அந்த முகத்தால்தான் எனக்கு வினை வரப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

என் பெயர் துர்காதேவி. அதற்கு முன்னால் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஒருநாள் கால் வீங்கி, ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு மேனேஜர் சத்தம் போட்டார். "நான் உக்காந்தா சேலை சுருங்கிருமா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வந்த கோபத்தை நான் வீணாக்குவதும் இல்லை. அந்த வாரமே மதுரைக்குப் போய் மெழுகும் திரியும் அச்சும் வாங்கி வந்துவிட்டேன்.

செய்முறை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதற்குள் இன்னொரு சட்டியில் மெழுகு உருக வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ரொம்பச் சூடாக ஊற்றினால் நடுவில் குழி விழும், ரொம்ப ஆறவிட்டால் வரி வரியாக நிற்கும். சட்டியின் ஓரத்தில் பாலாடை போல ஒரு படலம் கட்டும் பாருங்கள், அதுதான் பதம். அதை இரண்டு நாளில் பிடித்துவிட்டேன். என் கை அப்படி.

என் வீட்டுக்காரர் சேதுபதி டிராக்டர் மெக்கானிக். நல்ல மனுஷன்தான், ஆனால் சமையலறை பூராவும் மெழுகு வாடை அடிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று சும்மா கிடந்தது. அதை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவரோ செல்போன் கடை போட சோமு என்பவருக்கு வாக்குக் கொடுக்கிற மாதிரி பேசி வைத்திருந்தார். நான் விடுவேனா? சண்டை முற்றி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"கண்டனூர் வேலை ஒரு கொறையும் இல்லாம முடியட்டும், ரூம் ஒனக்கு. ஏதாச்சும் சொதப்புச்சு, மறுநாளே சோமு சாமானோட வந்துருவான். அதுக்கப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறப்படாது."

"சோமுவ வேற எடம் பாக்கச் சொல்லுங்க," என்றேன்.

கண்டனூர் வேலை என்பது உமையாள் ஆச்சியின் வேலை. ஆச்சி குடும்பத்தோடு சென்னையில் இருப்பவர். கண்டனூரில் இருக்கும் பெரிய வீட்டை விசேஷத்துக்கு மட்டும் திறப்பார்கள். இந்தத் தடவை அவர் கணவர் வயிரவன் செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம். ஒரு கிரகப்பிரவேசத்தில் என் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு ஆச்சியே எனக்கு போன் போட்டார்.

"சாயங்காலம் கரண்டு லைட்டையெல்லாம் அணைச்சுப்புட்டு, உள்வளவு முத்தத்தச் சுத்தி வெளக்கா வைக்கணும். வந்தவுக ஆளுக்கு ஒண்ணு ஏத்தணும். அகல் வச்சா எண்ணெய் சிந்தி ஆத்தங்குடிக் கல்லு பூராம் கறையாயிரும். ஒன் மெழுகுவத்தின்னா வம்பில்ல."

"பிள்ளையார்லயே செஞ்சுரட்டுமா ஆச்சி?"

"செய்யி. நல்ல காரியம்தானே."

இருந்த மெழுகு மொத்தத்தையும் போட்டு ஊற்றினேன். சமையலறை மேடை, ஃபிரிட்ஜ் மேல், கட்டிலடி என்று வீடெல்லாம் பிள்ளையார். சேதுபதி காலை எடுத்து வைக்க இடம் தேடி நடந்தார். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டுமே என்று பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி அக்காவிடம் போனேன். என்னிடம் முதன்முதலில் வாங்கியவர் அவர்தான்.

அங்கே ஷோகேஸில், பிள்ளைகள் வாங்கிய கப்புகளுக்கு நடுவில், என் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திரி வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"என்னக்கா, ஒண்ணக்கூட ஏத்திப் பாக்கலையா?"

"ஏத்துறதா? என்னடி பேசுற? பிள்ளையார் மண்டையில நெருப்பு வைக்கச் சொல்றியா? மூஞ்சி உருகி வழிஞ்சா அந்தப் பாவம் யாருக்கு?"

எனக்குப் பகீரென்றது. விடுவிடுவென்று நாலு வீடு ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் பூஜை அலமாரியில் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒட்டியிருந்தார்கள். வாங்கியவர் யாரும் இரண்டாம் தடவை ஏன் வரவில்லை என்று எனக்குள் ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருந்தது. இப்போது விளங்கியது. எரிந்தால்தானே தீரும், தீர்ந்தால்தானே வருவார்கள்?

சரி, ஊரை விடுங்கள். நான் ஏற்றினேனா? வாசம் பார்க்க, சுடர் பார்க்க நான் ஏற்றியதெல்லாம் டம்ளரில் ஊற்றிய மெழுகுதான். ஒரு பிள்ளையார் தலையில்கூட நான் தீக்குச்சியை வைத்ததில்லை. யோசித்து அப்படிச் செய்யவில்லை, கை தானாகவே டம்ளரைத்தான் எடுத்திருக்கிறது.

விசேஷத்தன்று சாயங்காலம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். லைட்டை அணைப்பார்கள். வந்தவர்கள் கையில் தீப்பெட்டி இருக்கும். எதிரே பிள்ளையார் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருத்தரும் ஏற்ற மாட்டார்கள். சொந்தபந்தம் அத்தனையும் இருட்டில் நிற்கும், ஆச்சி என்னைப் பார்ப்பார். மறுநாள் காலையில் சோமு சாமானோடு வந்து இறங்குவார்.

வேறு அச்சில் ஊற்றிவிடலாம் என்றால் மெழுகு இல்லை. மதுரைக் கடைக்கு போன் போட்டேன். சரக்கு வர அடுத்த வாரம் ஆகும் என்றார்கள். இருக்கிற மெழுகெல்லாம் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. அவர்களைத்தான் உருக்க வேண்டும். சட்டியை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டேன். ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்தேன்.

"ஏ புள்ள, என்ன பண்ணப்போற?" சேதுபதி வாசற்படியில் நின்றார்.

"உருக்கப்போறேன்."

"அடியாத்தீ! பிள்ளையாரையா? இந்த அடுப்புலயா? நாளைக்கு இதுலயே எனக்கு இட்லி அவிச்சுக் குடுப்பியா?"

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். அங்குட்டுப் போங்க."

அவரை விரட்டிவிட்டேன். ஆனால் பிள்ளையார் என் கையிலேயே இருந்தார். ஆவி முகத்தில் அடிக்கிறது, மெழுகு லேசாக வேர்க்கிறது, எனக்குக் கை வரவில்லை. ஆயிரம் பேசுவேன், யாருக்கும் பயப்பட மாட்டேன், ஆனால் அந்தச் சின்ன உருவத்தைச் சட்டிக்குள் விட என்னால் முடியவில்லை. அழுகை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பிள்ளையாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சொதப்பியது சொதப்பியாயிற்று, ஆச்சியின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம் என்று கண்டனூருக்கு விட்டேன்.

பெரிய வீட்டில் தரை துடைப்பும் தூசு தட்டலுமாக ஒரே களேபரம். ஆச்சி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாத்திரக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையாரை எடுத்து எதிரே வைத்தேன்.

"ஆச்சி, இத யாரும் ஏத்த மாட்டாக. தப்பு எம்மேலதான். பிள்ளையார்னு கேட்டது நானு."

ஆச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்குடி ஒன் யாவாரம்! நாளக் கழிச்சு விசேஷம், இன்னைக்கு வந்து சொல்றியா? ஒழுங்கா ஏத்துற மாதிரி ஒண்ணக் கொண்டா. இல்லையா, புதுவயல்ல சீரியல் லைட்டுக்காரன் இருக்கான், இப்பவே வரச்சொல்லிருவேன்."

எனக்கும் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா?

"ஏன் ஆச்சி, பிள்ளையார் நோன்பன்னைக்கு நீங்க என்ன செய்றீக? மாவுல பிள்ளையார் பிடிச்சு, நெய்யில நனைச்ச இழையத் திரியாப் போட்டு, ஏத்தி, சுடரோட முழுங்குறீகளா இல்லையா? அந்தப் பிள்ளையாருக்கு நெருப்பு வைக்கலாம், எம் பிள்ளையாருக்கு வைக்கப்படாதா?"

இது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். செட்டியார் வீடுகளில் கார்த்திகைக்குப் பிறகு வருகிற நோன்பு நாளில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் அப்படி எரிகிற மாவை வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பேர். பக்கத்தில் நின்ற பாத்திரக்காரர் 'செத்தாள் இவள்' என்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

ஆச்சி கோபப்படவில்லை. என் பிள்ளையாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது வேறடி. மாவுல கண்ணு இருக்கா? மூக்கு இருக்கா? ஒரு பிடி, மேல ஒரு கிள்ளு. அம்புட்டுத்தான் பிள்ளையார். இவரப் பாரு, என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு. பாக்குறவுக தலையில எப்பிடி நெருப்பு வைக்க?"

ஒரு பிடி, மேலே ஒரு கிள்ளு. எனக்கு அந்த இடத்திலேயே தெளிந்துவிட்டது. இத்தனை அம்சமாக முகம் வைத்த அச்சை நான் வாங்கியதுதான் கோளாறு.

"ஆச்சி, சீரியல் லைட்டுக்காரன வரச்சொல்லாதீக," என்று எழுந்தேன். "ஒரு பிடி ஒரு கிள்ளாவே கொண்டாறேன்."

"இழையவா? நோன்பில்லாத நாள்ல அதெல்லாம் செய்யப்படாது."

"இழை இல்ல ஆச்சி, கொழுக்கட்டை. பிள்ளையாரு திங்கிறது."

ஆச்சி சிரித்துவிட்டார். "போ, போ. செஞ்சு கொண்டா, பாப்போம்."

காரைக்குடி திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அச்சுக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். எங்கள் தெருவில் கொழுக்கட்டை அச்சு இல்லாத வீடு உண்டா? கீழே குண்டாக, மேலே கூராக, இரண்டு பாதியாகத் திறக்கிற அச்சு. சதுர்த்திக்கு எடுத்தால் அடுத்த சதுர்த்தி வரைக்கும் பரணில் கிடப்பது. பாண்டீஸ்வரி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். திரும்பி வரும்போது கூடை நிறைய அச்சு, பின்னாலேயே என்ன கூத்து என்று பார்க்க நாலு பெண்கள்.

இனி உருக்க வேண்டும். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். "நான் இதுல கை வைக்கமாட்டேன்" என்று சேதுபதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சத்தியமாக எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முதல் பிள்ளையாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பிள்ளையாரப்பா, ஒங்கள நான் அழிக்கல. ஒங்க அச்சு இந்தா இங்கனயே இருக்கு. நெனச்ச நேரம் மறுபடி வந்து உக்காரலாம். இப்ப கொழுக்கட்டையா வாங்க. முன்ரூம் மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் அவர் சட்டியில் பாதி கரைந்து, மல்லாந்து கிடந்தார். சதுர்த்தி முடிந்து ஊருணியில் கரைக்கிறபோது பார்க்கிற அதே கோலம். பாண்டீஸ்வரி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கரைக்கிறதுதானேடி, அடுத்தவரக் குடு," என்று கையை நீட்டினார். அதற்கப்புறம் ஒரு தடையும் இல்லை.

வேலைதான் படுத்தி எடுத்தது. பிளாஸ்டிக் அச்சு சூட்டில் கோணிக்கொண்டது; அலுமினிய அச்சுதான் நின்றது. அதிலும் இரண்டு பாதியும் சேருகிற இடுக்கில் மெழுகு ஒழுகியது. ரப்பர் பேண்டு போட்டோம், நிற்கவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்து இடுக்கில் அப்பினோம், நின்றது. முதலில் எடுத்த கொழுக்கட்டை அச்சிலேயே ஒட்டிக்கொண்டு பாதி தலையோடு வந்தது. உள்ளே தேங்காயெண்ணெய் தடவினேன். அடுத்தது வழுக்கிக்கொண்டு விழுந்தது. வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய், உச்சியில் திரியோடு அவ்வளவு அழகு! "பாத்தீகளா, பாத்தீகளா!" என்று கத்தினேன். சுவரைப் பார்த்து நின்றவர் எப்போது திரும்பினார் என்று தெரியாது. பார்த்தால் கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்து திரி நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"நீங்க இதுல கை வைக்கமாட்டேன்னு சொன்னீகளே?"

"பிள்ளையார்லதான் கை வைக்கமாட்டேன்னேன். கொழுக்கட்டைன்னா எனக்குப் பிடிக்கும்," என்றார்.

விசேஷத்தன்று சாயங்காலம் வளவில் நடு முற்றத்தைச் சுற்றித் தூணுக்குத் தூண் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன மண்தட்டு. பட்டும் வைரமுமாகச் சொந்தபந்தம் நிரம்பிவிட்டது. வயிரவன் செட்டியார் மாலையும் கழுத்துமாகப் புது மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஆச்சி கையைக் காட்டினார். லைட்டை அணைத்தார்கள்.

ஒருத்தரும் குனியவில்லை. கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு எல்லோரும் அந்த வெள்ளைக் கூம்புகளையே பார்த்தார்கள். "இழை மாதிரியில்ல இருக்கு?" என்று ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது. "இன்னைக்கு ஏத்தலாமா?" என்று இன்னொன்று. முற்றத்து வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற சேதுபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, முன்னறை போச்சு என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைதானே முதலில் ஏற்ற வேண்டும்? செட்டியார் ஒரு கொழுக்கட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மகள் தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தாள். சுடர் நிமிர்ந்து நின்றது. அவர் கண்ணை மூடினார், உதடு ஏதோ முணுமுணுத்தது. கை மெல்ல மேலே போனது. மேலே போய், முகத்துக்கு நேரே வந்து, வாயும் திறந்துவிட்டது.

"அய்யய்யோ, முழுங்கிராதீக!" என்று ஆச்சி பாய்ந்து கையைப் பிடித்தார். "அது மெழுகு!"

செட்டியார் கண்ணைத் திறந்து, கையில் இருந்ததைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார். "அட, ஆமா," என்றார். "பிறந்ததுலருந்து இழை எடுக்கிறோம்ல. கை தன்னால வந்துருச்சு."

வளவே வெடித்துச் சிரித்தது. யாரோ சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமினார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் குனிந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தர் சுடரிலிருந்து இன்னொருத்தர் பற்றவைத்தார். "யாரும் முழுங்கிராதீகப்பா!" என்று செட்டியாரே கூவிக்கொண்டு சுற்றி வந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணெல்லாம் பொன்னிறமாகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்கு அழுகையும் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

கிளம்பும்போது ஆச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளையாரையெல்லாம் உருக்கிட்டியா? ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"அச்சு இருக்கு ஆச்சி. அவரு எங்குட்டும் போகல."

"அப்ப எனக்கு ஒண்ணு ஊத்திக் குடு. சென்னைக்குக் கொண்டுபோயிப் பூஜை ரூம்புல வைக்கிறேன். ஆனா திரி போடாத."

மறுநாள் காலையில் சோமு அளவெடுக்கிற டேப்போடு வாசலில் வந்து நின்றார். நான் வாயைத் திறக்குமுன் சேதுபதி முந்திக்கொண்டார்.

"சோமு, வேற எடம் பாருப்பா. இந்த ரூமுக்கு ஆள் வந்தாச்சு."

அவரே என் அடுப்பைத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார். முதல் சட்டி உருகியதும் பிள்ளையார் அச்சை எடுத்துத் துடைத்தேன். ஆச்சிக்கு ஒன்று, கதவுக்கு மேலே வைக்க எனக்கு ஒன்று. சேதுபதி பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊற்றி முடித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏ புள்ள, திரி போட மறந்துட்டியே!"

"மறக்கல," என்றேன்.